மூடி எங்க?

இணையத்தில் இரண்டு பேர் ஒன்றுமில்லாத விஷயத்துக்காக மூச்சிரைக்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, மூன்றாவதாக ஒருவர் வந்து "மூடி எங்க?" என்று எழுதிவிட்டுப் போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். பிரியாணியில் உருளைக்கிழங்கு போடலாமா கூடாதா என்று தொடங்கி, ஒருவர் இன்னொருவருடைய அப்பாவை இழுக்கும் வரைக்கும் போய்விட்ட விவாதம் அந்த இரண்டு சொற்களில் படுத்துவிடும். தோசை முறுகலா மெத்தென்றா, ரயிலில் ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா, எதற்கும் பொருந்தும். ஒன்றுமில்லாததற்கு ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று அர்த்தம். வாட்ஸப்பில் அதற்கு ஒரு ஸ்டிக்கரும் உண்டு. அதில் ஒரு பெண். வாய் அகலத் திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், வலது கை எதிரில் நிற்கும் யாரையோ நோக்கி நீண்டிருக்கும்.

அந்தப் பெண்ணின் பெயர் ராஜாத்தி. எர்ணாவூரில் சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. பிறந்தது ராயபுரத்தில், கடலுக்கு அருகே ஒரு குடிசையில். அலை அந்த வரிசையையே எடுத்துக்கொண்டு போன பிறகு இங்கே வந்தாள். கணவன் கோதண்டம் டிரெய்லர் ஓட்டுகிறவன். துறைமுகத்து கேட்டில் வண்டி வரிசையில் நின்றுவிட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவான். ராஜாத்திக்கு மணலி போகிற வழியில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. கப்பலிலிருந்து வந்து சரக்கு இறக்கிய காலிப் பெட்டிகளுக்குள் ஏறி, கூட்டி, கழுவி, அடுத்த சரக்குக்குத் தயாராக்க வேண்டும். வெயில் காலத்தில் உள்ளே நிற்க முடியாது. அவளும் கூட வேலை செய்தவர்களும் நின்றார்கள்.

அவளைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் விடுகிறவள் இல்லை. ஆனால் உடனே கொடுக்க மாட்டாள். யார்டில் ஒரு சூப்பர்வைசர் அவளை அசிங்கமான ஒரு சொல்லால் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் பொறுத்திருந்தாள். கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் வந்த நாளில், எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, "சார், என்னைய இன்னா பேரு சொல்லிக் கூப்புடுவீங்க, அத பெரிய சார் முன்னால ஒரு தபா கூப்புடுங்க" என்றாள்.  அதன் பிறகு அவளை அவன் "அம்மா" என்றுதான் அழைத்தான்.

அவளுக்குப் பிள்ளை ஒன்றுதான், பாரி. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது என்று எல்லோரும் நிம்மதியானபோது பிள்ளை துவண்டு விழுந்தான். கோதண்டம் ஊரில் இல்லை. ஆட்டோ எதுவும் கிடைக்கவில்லை. எதிர் பிளாக்கில் இரண்டாம் மாடியில் இருக்கும் செங்கொடியின் மகன் எழிலன்தான் பைக்கை எடுத்தான். முன்னால் அவன், நடுவில் பாரி, பின்னால் ராஜாத்தி. வழியெல்லாம் டிரெய்லர் வரிசை. அவன் நடைபாதையில் ஏற்றி இறக்கி, கை காட்டி, கெஞ்சி, பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தான். பாரியின் தலை முழு நேரமும் எழிலனின் முதுகில் சாய்ந்திருந்தது. டெங்கு என்றார்கள். பிள்ளை திரும்பி வரவில்லை.

பிறகு மாநகராட்சியிலிருந்து ஆட்கள் வந்து குடியிருப்பைச் சோதித்தார்கள். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் லாரி வரும்போது பிடித்துவைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீல டிரம் இருந்தது. ராஜாத்தியின் டிரம்முக்கு மூடி இல்லை. எப்போதோ காற்றில் பறந்துபோனது, வாங்கவேண்டும் வாங்கவேண்டும் என்று நாள் போயிருந்தது. வந்தவர்களில் ஒரு பெண் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். "இந்தக் கொசு சாக்கடையில வளராதும்மா. இப்டி நல்ல தண்ணியிலதான் முட்ட போடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டிரம்முக்குப் போனாள். அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஆனாலும் ராஜாத்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த நாட்களில் செங்கொடிதான் அவளுக்குத் தலைவாரிவிட்டு, சோறு பிசைந்து வாயில் வைத்தாள்.

அதன் பிறகு ராஜாத்தி புது மூடி வாங்கினாள். காற்று தூக்காமல் இருக்க அதன்மேல் ஒரு செங்கல்லும் வைத்தாள். வேலைக்குப் போகும்போது ஒருமுறை பார்ப்பாள், வந்ததும் பார்ப்பாள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அடைக்கலமேரிக்குத் தெரியாது. அவள் ராஜாத்தியின் பிளாக்குக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காசிமேட்டில் ஒரு கம்பெனியில் இறால் உரிக்கிறவள். ஒரு நாள் சாயங்காலம் ராஜாத்தி வேலை முடிந்து வந்தபோது செங்கல் கீழே கிடந்தது. டிரம் திறந்திருந்தது. மூடி பக்கத்தில் மேரியின் டிரம்மின்மேல் இருந்தது.

"மேரி, அது என் டிரம்மு மூடி."

"உன் பேரு எழுதிகீதா அதுல? என்து காத்துல பறந்துடுச்சு. இது கீழ கெடந்துச்சு, எடுத்து மூடுனேன். நாளிக்குத் தரேன் போ."

"நாளிக்கு இல்ல. இப்போ குடு."

"ஒரு மூடிக்குப் போயி இன்னாத்துக்கு இப்டி கூவுற?"

அந்த இடத்தில் ராஜாத்தியின் உடம்பில் ஏதோ அறுந்தது. "மூடி எங்க? என் மூடி எங்க? குடுடி" என்று கத்தினாள். குடியிருப்பு முழுக்க ஜன்னலுக்கு வந்தது. அவள் விடவில்லை. "மூடி எங்கடி? குடுடி. மூடியில்லாம தொறந்து கெடந்ததுலதான் என் புள்ள போச்சு. கொசு கடிச்சி செத்துப்போச்சு. அது தெரியுமா உனுக்கு?"

மேரி மூடியை எடுத்து ராஜாத்தியின் டிரம்மின்மேல் தானே வைத்தாள். செங்கல்லையும் எடுத்து வைத்தாள். "எனுக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது" என்றாள். மறுநாள் காலை ராஜாத்திக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தாள். ராஜாத்தி வாங்கிக் குடித்தாள். சண்டை அதோடு முடிந்தது. அவர்கள் இரண்டு பேரைப் பொறுத்தவரை.

ஆனால் அந்த டீ ஆறுவதற்கு முன்பே வீடியோ சுற்ற ஆரம்பித்திருந்தது. மேலேயிருந்து எடுத்தது. மேரி "ஒரு மூடிக்குப் போயி" என்று கேட்பதில் தொடங்கி, ராஜாத்தியின் "குடுடி"யில் நின்றது. அதன்மேல் யாரோ தவில் ஓசையைச் சேர்த்திருந்தார்கள். ராஜாத்தியின் முகத்தை மூன்று முறை நெருக்கமாகக் காட்டியிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அது தமிழ்நாடு முழுக்கப் போய்விட்டது. கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேராக நின்று நடித்தார்கள். ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரைக் கிண்டல் செய்ய அதைப் போட்டார். அந்த இரண்டு சொற்களும் ராஜாத்தியை விட்டுவிட்டுத் தாமாகவே நடக்க ஆரம்பித்தன.

எண்ணூர் விரைவுச் சாலையில் அவள் நடந்துபோனால் டிரெய்லர் ஜன்னலிலிருந்து குரல் வரும். "எக்கா, மூடி எங்க?" ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் போனைப் பார்ப்பாள், பிறகு இவளைப் பார்ப்பாள், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே திரும்புவாள். யார்டில் கூட வேலை செய்தவர்கள் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாராவது இரண்டு பேர் விளக்குமாற்றுக்காக இழுபறி செய்தால் மூன்றாவது ஆள் அதைச் சொல்ல வாயெடுத்து, இவளைப் பார்த்து விழுங்கிக்கொள்வார். அந்த விழுங்கல்தான் அவளை அதிகம் குத்தியது. மேரிக்கு இன்னும் மோசம். அவளை "மூடி திருடி" என்றார்கள். இறால் கம்பெனியில் அவள் மேசையில் யாரோ ஒரு பாட்டில் மூடியை வைத்துவிட்டுப் போனார்கள்.

"செல்லுல எல்லாத்தியும் ரெண்டு நாளு பாப்பானுங்க, அப்பால மறந்துடுவானுங்க. வுடு" என்றான் கோதண்டம்.

"அவனுங்க மறப்பானுங்க. நான் எதுக்கு மறக்கணும்?" என்றாள் ராஜாத்தி.

வீடியோவை அவள் ஒரே ஒருமுறைதான் முழுதாகப் பார்த்தாள். மேரியின் போனில், இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசியில், தவில் நின்ற பிறகு, எடுத்தவனின் சிரிப்பு கேட்டது. மூக்கால் வரும் சின்னச் சிரிப்பு, பாதியில் அமுக்கியது. அந்தப் பையன் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து ராஜாத்திக்குத் தெரிந்த சிரிப்பு. தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பாரியோடு கேரம் ஆடும்போது, பொய்யாட்டம் ஆடிப் பிடிபட்டால், எழிலன் அப்படித்தான் சிரிப்பான்.

அவனை மாடிப்படியில் மடக்கினாள். அவனுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். டிப்ளமோ முடித்து வேலை கிடைக்காமல், வடசென்னைக் கடைகளைப் பற்றி வீடியோ போடும் ஒரு இணையப் பக்கம் நடத்திக்கொண்டிருந்தான். அதுவரை யாரும் பெரிதாகப் பார்க்காத பக்கம்.

"நீதான் எடுத்தியா?"

அவன் மறைக்கவில்லை. "அத்த, இவ்ளோ தூரம் போவும்னு நெனைக்கல. நான் அப்பவே தூக்கிட்டேன். அதுக்குள்ள எல்லாரும் எடுத்துட்டானுங்க."

"அதுக்கு அப்பால நான் பாரியப் பத்தி சொன்னனே. அது எங்க?"

எழிலன் சுவரைப் பார்த்தான். "அது இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க அத்த. அதான் எடுத்துட்டேன்."

"முழுசா கீற வீடியோவ குடு."

"அழிஞ்சிடுச்சு. போன்ல எடம் இல்ல."

ராஜாத்தி அவனை அடிக்கவில்லை. திட்டவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவந்தாள். செங்கொடியிடமும் போகவில்லை. மேரி அன்று இரவு முழுக்கக் கொதித்தாள், போலீசுக்குப் போகலாம் என்றாள். ராஜாத்தி வேண்டாம் என்றாள். போலீஸ் கூப்பிட்டு மிரட்டி அனுப்பும், அவன் ஒரு மணி நேரம் வெட்கப்படுவான், அவ்வளவுதான். அவளுக்கு அது போதாது. எத்தனை ஜனம் அவளைப் பார்த்துச் சிரித்ததோ அத்தனை ஜனம் அவனைப் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், பார்த்தால் போதும்.

அவள் காத்திருந்தாள். எதிரில் வந்தால் எழிலனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. மூடி வீடியோவைப் போட்ட ஆள் என்று கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். பிரியாணிக் கடை, துணிக்கடை, செல்போன் கடை எல்லாம் அவன் வந்து பேசினால் கூட்டம் வரும் என்று நம்பின. அவன் புது பைக் வாங்கினான். பழைய பைக் கீழே கவர் போட்டு நின்றது. ராஜாத்தி வேலைக்குப் போகும்போது அதைக் கடந்துதான் போக வேண்டும். அதன் சீட்டைப் பார்க்காமல் போகப் பழகினாள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எழிலன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் பழங்கள். திருவொற்றியூர் மெயின் ரோட்டில் சுயம்பு என்பவர் பிளாஸ்டிக், பாத்திரக் கடையைப் பெரிதாக்கித் திறக்கப்போகிறார். தெற்கேயிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே கடை நடத்துகிறவர். திறப்பு விழாவை நடத்தித்தரும் பொறுப்பு எழிலனுக்கு. அவனுக்கு ஒரு யோசனை.

"கடையில எல்லா டிரம்மும் மூடியோடதான் விக்கிறாங்க அத்த. நீங்க மேடைக்கு வந்து 'மூடி எங்க'ன்னு ஒரே ஒரு தடவ கேக்கணும். அவரு 'எங்க கடையில கீது'ன்னு எடுத்துக் குடுப்பாரு. அவ்ளோதான். உங்களுக்கும் நல்ல பேரு கெடைக்கும். எல்லாரும் உங்கள நேர்ல பாத்தா அந்தக் கிண்டலு போயிடும்."

ராஜாத்தி பழத்தை வாங்கித் தரையில் வைத்தாள்.

"மைக்கு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க அத்த. பெரிய சவுண்டு சர்வீஸ்."

"வரேன்."

அவன் போன பிறகு, உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மேரி வெளியே வந்தாள். "அக்கா, உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள். பிறகு ராஜாத்தியின் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. "நானும் வரேன்" என்றாள்.

திறப்பு விழா காலையில். கடை வாசலில் வாழைமரம், பலூன் வளைவு, மேளம். கடைக்கு மேலே தொங்கிய பெரிய பேனரில் ராஜாத்தியின் முகம், அதே வாய் திறந்த முகம். அதற்குக் கீழே, "மூடி இங்கே இருக்கு" என்று எழுதியிருந்தது. ராஜாத்தி மெரூன் நிறப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். அவளைக் கண்டதும் கூட்டம் ஆரவாரம் செய்தது. போன்கள் உயர்ந்தன. "மூடி எங்க, மூடி எங்க" என்று பையன்கள் ஒரே தாளத்தில் கத்தினார்கள். எழிலன் மேடையில் நின்று அவர்களை இன்னும் கத்தவைத்தான். கையைப் பிடித்து அவளை ஏற்றினான். மைக்கைக் கொடுத்தான். சுயம்பு வேட்டி சட்டையில், கையில் ஒரு நீல மூடியோடு, கொஞ்சம் கூச்சத்தோடு நின்றிருந்தார்.

ராஜாத்தி கூட்டம் அடங்கும்வரை காத்திருந்தாள். அது அடங்க நேரம் பிடித்தது. அவள் அவசரப்படவில்லை.

"நீங்க பாத்த வீடியோல கொஞ்சம் வெட்டிட்டாங்க" என்றாள். "வெட்டுனத நான் சொல்றேன், கேளுங்க."

சிலர் சிரித்தார்கள்.

"எனுக்கு ஒரே புள்ள. பாரி. மூணாவது படிச்சான். என் டிரம்முக்கு மூடி இல்லாம கெடந்துச்சு, அதுல கொசு வந்துச்சு, அவனுக்கு டெங்கு வந்துச்சு. இதோ நிக்கிறானே, இவன் பேரு எழிலன். என்னைய அத்தன்னு கூப்புடுவான். இவன் பைக்குலதான் என் புள்ளைய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். என் புள்ள தல இவன் முதுவுலதான் சாஞ்சிகினு இருந்துச்சு. புள்ள வூட்டுக்குத் திரும்பி வரல. அன்னிக்கு நான் மூடி மூடின்னு கத்துனது அதுக்கோசரம். அத நான் வாய் தொறந்து சொல்லியும் இருந்தேன். இவன் அந்த எடத்த மட்டும் எடுத்துட்டான். ஏன்டான்னு கேட்டேன். அது இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு சொன்னான்."

மேளக்காரர் குச்சியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இப்போ அதுவும் கீது. சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. உயர்ந்திருந்த போன்கள் அவளிடமிருந்து மெதுவாகத் திரும்பி எழிலனைப் பார்த்தன. அவன் மைக்குக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. "அத்த, வாணாம் அத்த" என்று அவன் கெஞ்சியது ஒலிபெருக்கியில் ரோடு முழுக்கக் கேட்டது. கீழே நின்றிருந்த மேரி, "கீழ எறங்குடா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

சுயம்பு கையிலிருந்த மூடியைப் பார்த்தார், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேலையாளிடம் நீட்டினார். எழிலனிடம் திரும்பினார். "இதை ஏம்ல எங்கிட்ட சொல்லல? செத்த பிள்ளைய வச்சா என் கடைக்கு விளம்பரம் பண்ணினே?" என்றார். ராஜாத்தியிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அந்தப் படத்த மாட்டியிருக்க மாட்டேன்." ஆள் வைத்துப் பேனரை அப்போதே இறக்கினார். அது மடங்கிச் சரிந்து வரும்போது ராஜாத்தியின் பெரிய வாய் இரண்டாக மடிந்தது. ராஜாத்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திறப்பு விழா மேளமில்லாமல் நடந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோவும் சுற்றியது. இந்த முறை யாரும் வெட்டவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் எழிலனின் இணையப் பக்கத்தில் கமெண்ட் போட்டுக் காறித் துப்பினார்கள். அவன் மன்னிப்புக் கேட்டு, அழுது, ஒரு வீடியோ போட்டான். குடியிருப்பில் எல்லோரும் ராஜாத்தியிடம் வந்து "நல்லா குடுத்தக்கா" என்றார்கள். இங்கே நிறுத்தியிருந்தால் ஊர் அவளைத் தலையில் வைத்துக்கொண்டிருக்கும்.

அவள் நிறுத்தவில்லை.

ஒரு மாதம் ஒதுங்கியிருந்த எழிலன் மறுபடி வேலையைத் தொடங்கினான். ஜனம் மறந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டது சரிதான், மறந்துகொண்டுதான் இருந்தார்கள். காலடிப்பேட்டையில் ஒரு ஜூஸ் கடை அவனைக் கூப்பிட்டது. எந்த நாள், எந்த நேரம் என்று அவனே தன் பக்கத்தில் முன்கூட்டிச் சொல்வான், கூட்டம் சேர வேண்டுமே. ராஜாத்தியும் மேரியும் அந்த நேரத்துக்கு அங்கே போனார்கள். ஒன்றும் பேசவில்லை. கேமராவுக்குத் தெரிகிற இடத்தில், ஆளுக்கு ஒரு ஜூஸ் வாங்கிக்கொண்டு, அவனைப் பார்த்தபடி நின்றார்கள். அவனுக்குப் பேச்சு குழறியது. கூட்டத்தில் ஒருவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். ஜூஸ் கடைக்காரர் நடுவிலேயே படப்பிடிப்பை நிறுத்தினார்.

புளியந்தோப்பில் ஒரு பிரியாணிக் கடை. போனார்கள். ராயபுரத்தில் ஒரு சலூன். அங்கே பெண்களுக்கு வேலையில்லை, வாசலில் நின்றார்கள். சொல்லாமல் கொள்ளாமல் படம்பிடிக்க அவன் புழல் பக்கம் போனான். அங்கும் ராஜாத்தி வந்து நின்றாள். இந்த முறை ஒரு டிரெய்லர் டிரைவர் அவளுக்குத் தகவல் கொடுத்திருந்தான். முன்பு ஜன்னலிலிருந்து அவளைக் கிண்டல் செய்தவர்களில் ஒருவன்.

புழலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் மேரி சொன்னாள். "எனுக்குப் போதும்க்கா. அவன் மூஞ்சியப் பாத்தா சோறு துன்னவன் மாரி இல்ல. நான் இனிமே வரல."

"சரி. நீ வராத" என்றாள் ராஜாத்தி. கோபமாகச் சொல்லவில்லை. மேரிக்கு அவனிடமிருந்து சேரவேண்டியது அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தன்னுடையது வேறு. அதற்குப் பிறகு தனியாகப் போனாள். குடியிருப்பிலும் பேச்சு மாறியது. நல்லா குடுத்தக்கா என்றவர்களே, "அந்தப் புள்ளைய சாவடிச்சிடுவா போல கீது" என்றார்கள். கோதண்டம் அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். 

கடைசியில் செங்கொடி வந்தாள். பகல் நேரம். ராஜாத்தி அன்று லீவு, துணி துவைத்துக்கொண்டிருந்தாள். செங்கொடி வாசற்படியில் குந்தினாள். அவள் உடம்பும் இளைத்திருந்தது.

"ராஜாத்தி, போதும்டி. ஒரு கடக்காரனும் அவன கூப்புடறதில்ல. வெளிய போவ மாட்டேன்றான். கதவ சாத்திகினு படுத்துகினு கீறான்."

ராஜாத்தி கையை உதறிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "உன்னைய நான் ஒண்ணியும் சொல்லல செங்கொடி. நீ எனுக்கு சோறு ஊட்டுனவ. அத நான் சாவுறவரிக்கும் மறக்க மாட்டேன். உன் புள்ள விசயம் வேற."

"இன்னா வோணும் உனுக்கு? கால்ல வுழ சொல்லட்டா?"

"வுழ வோணாம். நான் பட்டது அவன் படணும். ரோட்ல எவனாவது எதுக்காவது சிரிச்சா, தன்னப் பாத்துத்தான் சிரிக்கிறானோன்னு அவனுக்கு அந்த பயம் வரணும். அது வந்துச்சுன்னா நிறுத்திடறேன்."

"வந்துடுச்சுடி" என்றாள் செங்கொடி. "பால் வாங்க அனுப்புனா, கடையில யாரோ சிரிச்சாங்கன்னு பால் வாங்காமயே வந்துட்டான்."

ராஜாத்தி தலையசைத்தாள். "அப்போ சரி" என்றாள். எழுந்துபோய் மீதித் துணியைத் துவைத்தாள். செங்கொடி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அந்த இழப்பு ராஜாத்திக்கு வலித்தது. அதைத் தெரிந்தேதான் அவள் அந்த வேலையில் இறங்கியிருந்தாள்.

எழிலன் தன் பக்கத்தை மூடினான். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயே தங்கவேண்டும். அவன் கிளம்புகிற காலையை மேரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, "அங்க போயி நிக்காத" என்றும் சொன்னாள்.

ராஜாத்தி போனாள். திருவொற்றியூர் தேரடி பஸ் ஸ்டாப்பில் எழிலன் ஒரு பையோடு தனியாக நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் முதலில் வேறு பக்கம் திரும்பினான். பிறகு என்ன நினைத்தானோ, அவனே நடந்து அருகில் வந்தான்.

"அத்த, ஒண்ணு சொல்லணும். அந்த எடத்த வெட்டும்போது எனக்குப் பாரி நெனப்பு வந்துச்சு. ரெண்டு தபா யோசிச்சேன். சும்மா பண்ணல."

"தெரியும்" என்றாள் ராஜாத்தி. "யோசிக்காம பண்ணியிருந்தா வுட்டிருப்பேன்."

 பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான், அவளைப் பார்க்கவில்லை. பஸ் திரும்பும்வரை அவள் நின்றாள். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து யார்டுக்குப் போனாள். வழியில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் ஏறினார்கள். ஏதோ ஒரு நடிகரின் தலைமுடியைப் பற்றி அவர்களுக்குள் சண்டை. ஒருத்தி "மூடி எங்கடி?" என்றாள், இருவரும் சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ராஜாத்திக்கும் அவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் மேல் அவளுக்குப் பகையில்லை.

அன்று தோல் ஏற்றிவந்த பெட்டிகள். நாற்றம் தாங்காமல் மற்றவர்கள் முகத்தைக் கட்டிக்கொண்டார்கள். ராஜாத்தி மதியம் வரை நிறுத்தாமல் கழுவினாள். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் கடம்பா மீன் தொக்கு வைத்திருந்தார்கள். தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி போய் நின்றாள்.

"இன்னொரு தபா சோறு போடு" என்றாள். "இன்னிக்கு நல்லா பசிக்குது."